சாம்பலில் மூன்று கிழங்கு

உ

ஆலத்தூர் நாடு, கொல்லிமலை
வெகுதானிய வருஷம் ஐப்பசி மாதம் 20

தங்கச்சி அத்தாயிக்கு அக்கா பெருமாயி எழுதிக்கொண்டது. அறப்பளீஸ்வரர் புண்ணியத்தில் இங்கு நான், உன் மாமன், உன் மகள் பாப்பாயி மூன்று பேரும் சுகம். உன் இருமல் எப்படி இருக்கிறது, ராத்திரி ஜுரம் விட்டதா என்று தெரிந்துகொள்ள மனசு அடித்துக்கொள்கிறது.

உன்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு உன் மாமன் புளியஞ்சோலை வழியாக மலையேறி வந்து, சோறு கூடத் தின்னாமல் படுத்துக்கொண்டார். மறுநாள்தான் வாய் திறந்தார். உன் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற ரஹ்மத் பீவி, துறையூர் மிளகு மண்டி அப்துல் அலீம் ராவுத்தரின் மகளாம். அவளுக்கும் இதே சீக்குத்தானாம். படித்த பெண், நான் எழுதுவதை உனக்கு வாசித்துக் காட்டி, நீ சொல்வதை எழுதி அனுப்புவாளாம். கடுதாசியை ராவுத்தர் மண்டியில் கொடுத்தால் அவர்களே தபாலில் சேர்த்துவிடுவார்களாம். நம் ஊரிலிருந்து யாராவது இறங்கினால்தான் அதுவும் போகும். பதில் தாமதமானால் ஏதோ என்று நினைக்காதே.

ரஹ்மத் பீவிக்கு ஒரு வார்த்தை. அம்மா, நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கோயில் பண்டாரம் மணலில் எழுதிக் காட்டியதும், பொட்டலக் காகிதங்களில் கூட்டிக் கூட்டிப் படித்ததும்தான். பலகை இல்லாததால் முறத்தைக் கவிழ்த்து அதன் முதுகில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். பேனா முள் மூங்கில் பின்னலில் ஏறி இறங்குவதால் என் எழுத்தெல்லாம் குதிக்கும். பொறுத்துப் படி.

அத்தாயி, நீ உன் மாமனிடம் சொல்லி அனுப்பியதை அப்படியே சொன்னார். "இங்க வார கடுதாசியெல்லாம் சீக்கு பத்தித்தானுங்க மாமா. அக்காளை ஊட்டுல நடக்கறதை எழுதச் சொல்லுங்க. குளிருக்கு என்ன பண்றீங்க, என்ன திங்கிறீங்கன்னு எழுதச் சொல்லுங்க. எனக்கு அது போதும்." சரி, அதையே எழுதுகிறேன்.

பனி இறங்கிவிட்டது. காலையில் எதிர்ச்சாரி வீடுகள் இருக்கின்றனவா என்று சந்தேகமாக இருக்கிறது. கோழி கூவுவதை வைத்துத்தான் அங்கே ஊர் இருப்பது தெரிகிறது. அடுப்பைச் சுற்றித்தான் எங்கள் குடித்தனம். சோறு வடித்ததும் சாம்பலைக் கிளறி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு மூன்று புதைத்து வைக்கிறேன். தின்று எழுந்திரிப்பதற்குள் வெந்துவிடும். பெரியதை உன் மாமன் தின்கிறார், நடுத்தரத்தை நான் தின்கிறேன், சின்னது பாப்பாயிக்கு. தோலை ஊதி ஊதி உரித்துக்கொண்டு, தனக்கு ஏன் எப்போதும் சின்னது என்று உன் மாமனோடு தினம் ஒரு பஞ்சாயத்து. வயிறு சின்னது என்று அவர் சொன்னால், கிழங்கு பெரியதாகக் கொடுத்தால் வயிறு பெரியதாகிவிடும் என்கிறாள்.

நீ விட்டுப்போன கறுப்புக் கம்பளித் துண்டில்தான் படுக்கிறாள். துவைத்துப் போடுகிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறாள், அம்மா வாசனை போய்விடுமாம். புகை வாசனைதான் இருக்கிறது, நான் சொல்லவில்லை.

கொடுக்கிற பாலையும் முட்டையையும் ஒதுக்காமல் சாப்பிடு. தினம் விளக்கேற்றும்போது உன் பெயரைச் சொல்கிறேன்.

இப்படிக்கு
அக்கா பெருமாயி

*

786

ஆஸ்பத்திரி
25-11-1938

அன்புள்ள அக்காவுக்கு, அத்தாயி சொல்ல ரஹ்மத் பீவி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் நாங்கள் இருவரும் இருக்கிறோம். உங்கள் மூவர் சுகத்தையும் கேட்டு இந்தக் கடுதாசி.

இனி அத்தாயி சொல்வது:

அக்கா, உன் கடுதாசியை ரஹ்மத் நாலு தடவை படித்துவிட்டாள். முறத்தின் மேல் வைத்து எழுதுகிறாய் என்றதும் எங்கள் வார்டே சிரித்தது. சிரித்தால் இருமல் வரும் என்று நர்ஸம்மா வந்து அதட்டினாள். இங்கே எங்களை வராந்தாவில் கட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள், காற்றுத்தான் மருந்தாம். நம் ஊர்க் குளிருக்கு இது எந்த மூலை. ஆனால் நம் ஊர்க் குளிருக்கு அடுப்பு இருந்தது, இதற்கு அது இல்லை.

இன்னும் எழுது. மொச்சை காய்த்துவிட்டதா? கமலா ஆரஞ்சு மரம் இந்த வருஷமாவது பிடித்ததா? பாப்பாயியின் அப்பன் வைத்த மரம். அவர் காய்ச்சலில் செத்துப்போன வருஷம் பூத்துக் கொட்டிவிட்டது. பாப்பாயி என்னைக் கேட்டு அழுதால் எழுதாதே. சிரித்தால் எழுது.

எனக்கு இருமலில் ரத்தம் இப்போது குறைவு. இதோடு சீக்குப் பேச்சை விட்டுவிட்டேன்.

(அக்கா, இது ரஹ்மத்தின் பேச்சு. உங்கள் தங்கைக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும், நான் வாசித்து முடித்ததும் காகிதத்தை வாங்கி, உச்சியில் இருக்கிற பிள்ளையார் சுழியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரே எழுத்து இதுதான். எங்கக்கா மண்ணுல இதைத்தான் மொதல்ல எழுதிக் காட்டுனா" என்கிறாள். அதன் மேல் விரல் வைத்துக்கொண்டேதான் தூங்குகிறாள். பெருநாளுக்கு என் அத்தா கொண்டுவந்த பேரீச்சம்பழத்தில் பாதி அவளுக்குக் கொடுத்தேன். கொட்டையைக் கூடத் துடைத்துப் பாப்பாயிக்கு என்று முடிந்து வைத்திருக்கிறாள்.)

உங்கள் துஆவை நாடும்
ரஹ்மத் பீவி

*

உ

ஆலத்தூர் நாடு
கார்த்திகை மாதம் 25

அத்தாயிக்கு அக்காவின் ஆசீர்வாதம். ஈஸ்வரன் கிருபையில் இங்கு மூன்று பேரும் சுகம். உனக்கு ரத்தம் குறைந்தது கேட்டு அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு நடந்துபோய் நெய் விளக்குப் போட்டு வந்தேன். ரஹ்மத் பீவி பெயருக்கும் ஒன்று போட்டேன், அவளிடம் சொல். அவளுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

தீபத்தன்று மலை முழுக்க விளக்கு. பனிக்குள் ஒவ்வொரு வீட்டு வெளிச்சமும் பஞ்சில் சுற்றி வைத்தமாதிரி இருந்தது. பச்சை மொச்சையைத் தோலுரித்துச் சாமைச் சோற்றில் போட்டுக் கிளறினேன். உன் மாமன் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உப்புக் குறைவு என்று ஒரு குற்றமும் சொன்னார். சாமை அறுவடை முடிந்து மூங்கில் தொம்பையில் கொட்டி, வாயைச் சாணியால் மெழுகியாகிவிட்டது. எவ்வளவு கொட்டினேன், வாரத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்குக் கணக்கு இல்லாமல் ஒரு பிடி எடுக்க வராது.

காலை வெயில் வந்ததும் மூவரும் பாறைமேல் போய் உட்கார்ந்துகொள்கிறோம். வெயில் ஏற ஏறப் பாப்பாயி ஒவ்வொன்றாக அவிழ்த்து என் மடியில் போடுவாள். கடைசியில் உன் கம்பளித் துண்டு மட்டும் இருக்கும், அதை அவிழ்க்கமாட்டாள்.

ஆரஞ்சு மரம் பிடித்துவிட்டது அத்தாயி. ஏழு காய். முதல் பழத்தைப் பறித்துச் சாமிக்கு வைத்தேன். அடுத்ததைப் பாப்பாயி கையில் கொடுத்தால் உரிக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"பெரியம்மா, இது எங்கம்மாளுக்கு. நான் ஒளிச்சு வெக்கறேன். உன் கணக்குல சேக்காத."

சேர்க்கவில்லை. எங்கே ஒளித்தாள் என்றும் தேடவில்லை. ஏழில் ஒன்று குறைவாகவே சுவரில் கோடு போட்டிருக்கிறேன். நீ வந்து கேட்டு வாங்கிக்கொள்.

டாக்டர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி மட்டும் எழுதச் சொல்.

இப்படிக்கு
உன் அக்கா பெருமாயி

*

786

ஆஸ்பத்திரி
21-12-1938

அன்புள்ள அக்காவுக்கு ரஹ்மத் பீவி எழுதுவது. இறைவன் அருளால் இங்கு அத்தாயி தேறி வருகிறாள். நெய் விளக்குக்கு என் சலாம். ஆட்சேபம் எதுவும் இல்லை. எனக்கு மாலை ஜுரம் இன்னும் விடவில்லை, விடும். உங்கள் மூவர் நலத்துக்கும் துஆ செய்கிறேன்.

அத்தாயி சொல்வது:

அக்கா, நீ கேட்டாய் என்று ஒரு வரி. மாசியில் போகலாம் என்கிறார் டாக்டர். அதற்கு முன் மலைப்பனி ஆகாது, மனசுக்கும் ஒரு அதிர்ச்சியும் ஆகாது, மீறினால் திரும்ப ரத்தம் வருமாம். இங்கே எனக்கு என்ன அதிர்ச்சி. ஒரு நாளைக்கு மூன்று தரம் ஜுரம் பார்க்கிற கண்ணாடிக் குழாய் வாய்க்குள் வருவதுதான்.

பாப்பாயியிடம் சொல்: அம்மா மாசியில் வந்துவிடும். ஆரஞ்சைக் கணக்கில் சேர்க்காமல் வாங்கிக்கொள்ளும். பேரீச்சங்கொட்டை ஒன்று வைத்திருக்கிறது, அதையும் பெரியம்மா கணக்கில் சேர்க்கவேண்டாம்.

அந்தப் பாறை வெயிலைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை ரஹ்மத் படிக்கும்போது எனக்கு முதுகு சுட்டது. அந்தமாதிரி எழுது.

தங்கை அத்தாயி

*

ஆலத்தூர் நாடு
மார்கழி மாதம் 20

ரஹ்மத் பீவிக்குப் பெருமாயி எழுதுவது. கண்ணு, இந்தக் காகிதம் உனக்கு மட்டும். உன் அத்தாவின் மண்டியில் தனியாக ஒட்டி, உன் கையில்தான் சேரவேண்டும் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். கூட இருக்கிற இன்னொரு காகிதம்தான் அத்தாயிக்கு.

பாப்பாயி போய்விட்டாள்.

மார்கழி பிறந்ததும் மலைக்காய்ச்சல் வந்தது. நிலவேம்புக் கஷாயம் கொடுத்தேன், திருநீறு போட்டேன், பெரியசாமிக்குக் காசு முடிந்து வைத்தேன். குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. துறையூரில் கொயினா மருந்து வாங்கிவிடலாம் என்று இவர் அவளை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினார். தூங்கவிடக் கூடாது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாராம். அவளும் முதலில் உம் கொட்டியிருக்கிறாள். அப்புறம் உம் கொட்டாததைத் தூக்கம் என்று நினைத்துவிட்டார். புளியஞ்சோலைக்கு மேலே ஓடையில் தண்ணீர் கொடுக்க இறக்கினபோதுதான் தெரிந்திருக்கிறது. அங்கிருந்து திரும்ப முதுகில் கட்டி ஏறி வந்தார். வாசலில் வந்து நின்று, "கட்டை அவுத்து விடுடி பெருமாயி, எனக்குக் கை வரலை" என்றார்.

அத்தாயிக்குச் சொல்லக் கூடாது. நீயே எழுதினாயே, டாக்டர் சொன்னதை. சொன்னால் அந்த நிமிஷமே கிளம்பி இந்தப் பனியில் மலையேறுவாள், இல்லாவிட்டால் அங்கேயே ரத்தம் கக்குவாள். இரண்டில் எதையும் என்னால் தாங்க முடியாது. மாசி பிறந்ததும் இவர் வந்து, அவளைப் பார்த்து, நேரில் சொல்லி அழைத்து வருவார். அதுவரை வழக்கம்போல் ஒரு கடுதாசி வரவேண்டும். வராவிட்டால் சந்தேகப்படுவாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன் கண்ணு. அதில் பொய் ஒரு சொல்லும் எழுதவில்லை. இந்த வீட்டில் இருப்பதை மட்டும் எழுதியிருக்கிறேன். நீயும் எதையும் சேர்க்காதே, எதையும் விடாதே. பிள்ளையார் சுழி போடவில்லை. சாவு வீட்டிலிருந்து போகிற காகிதத்துக்கு நாங்கள் போடுவதில்லை. தீட்டுக் கழிந்தாலும், ஒன்றை மறைத்து எழுதுகிற காகிதத்தின் தலையில் சாமியை வைக்க எனக்குக் கை வராது.

உன் ஜுரம் விடவேண்டும். இதைக் கிழித்துவிடு.

பெருமாயி

*

ஆலத்தூர் நாடு
மார்கழி மாதம் 20

அத்தாயிக்கு அக்கா பெருமாயி எழுதுவது. நீ தேறி வருவது அறிந்து, கும்பிட்ட சாமியெல்லாம் கைவிடவில்லை என்று ஆறுதல்.

இந்த வருஷம் மார்கழிப் பனி கெட்டியாக இருக்கிறது. விடிந்து வெகுநேரம் வரைக்கும் ஓடையின் சத்தம் மட்டும்தான், ஓடை இல்லை. அடுப்பை அணையவிடுவதில்லை. பலாக் கட்டை ஒன்று கிடைத்தது, புகை இல்லாமல் எரிகிறது. மிளகும் சுக்கும் தட்டிப் போட்டு வெல்லம் கரைத்து ஒரு தண்ணீர் வைக்கிறேன், காலையில் குடித்தால் தொண்டையிலிருந்து கால்வரை சூடு இறங்குகிறது. உன் மாமன் குடித்துவிட்டுக் குவளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார்.

மொச்சை இன்னும் இருக்கிறது. கொல்லையில் மிளகுக் கொடி நிறையப் பிடித்திருக்கிறது, தையில் பறிக்கலாம். பாறைமேல் வெயில் வழக்கம்போல் வருகிறது. வெயிலில் கிடந்த பாறையில் பனி உலரும்போது ஒரு வாசனை வருமே, நனைந்த சாமைக் கதிர்மாதிரி, அது இப்போது வருகிறது.

உன் கம்பளித் துண்டு பாப்பாயியிடம்தான் இருக்கிறது. காலையும் சேர்த்து நன்றாகச் சுற்றிவிட்டிருக்கிறேன். இந்தப் பனி அவளை ஒன்றும் செய்யாது.

நேற்றும் சாம்பலில் கிழங்கு மூன்று புதைத்தேன். பெரியதை உன் மாமன் தின்றார், நடுத்தரத்தை நான் தின்றேன். நல்ல மாவு.

வேளைக்குச் சாப்பிடு. நான் சொல்லுகிறவரை கீழேயே இரு.

அக்கா பெருமாயி

*

786

ஆஸ்பத்திரி
16-1-1939

அக்காவுக்கு ரஹ்மத் பீவி எழுதுவது. உங்கள் இருவருக்கும் அல்லாஹ் பொறுமையைத் தரவேண்டும். பாப்பாயியை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் கிழங்கு உரிப்பது எனக்குத் தெரியும்.

நீங்கள் எனக்கு எழுதியதைக் குளியலறையில் படித்து, கிழித்து, தண்ணீரில் விட்டேன். பிறகு அத்தாயியின் காகிதத்தைப் படித்தேன். நீங்கள் சொன்னபடி ஒரு சொல் சேர்க்கவில்லை, ஒரு சொல் விடவில்லை. ஆனால் அக்கா, படிப்பதற்கு முன்னால் ஒன்று செய்துவிட்டேன். அவள் காகிதத்தை வாங்கி உச்சியைத்தானே தேடுவாள்? அங்கே ஒன்றும் இல்லாவிட்டால், படிக்கத் தெரியாதவளுக்குக் கூட எல்லாம் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். என் பேனாவால் அங்கே ஒரு சுழி போட்டுவிட்டேன். உங்கள் பழைய கடுதாசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் போட்டேன். உங்கள் சாமிக்கும் எனக்கும் இடையில் அது பிழை என்றால், உங்கள் பேரில் எழுதாமல் என் பேரில் எழுதிக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.

அவள் வழக்கம்போல் வாங்கினாள். சுழியைப் பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று பால் குடிக்கவில்லை. மறுநாளிலிருந்து கொடுக்கிற எல்லாவற்றையும் கேட்காமலே சாப்பிடுகிறாள், முட்டையைக் கூட. நர்ஸம்மா மெச்சிக்கொள்கிறாள். பதில் எழுதலாமா என்றால், அப்புறம் என்கிறாள். பாப்பாயியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை அக்கா. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

ரஹ்மத்

*

ஆலத்தூர் நாடு
தை மாதம் 14

ரஹ்மத் பீவிக்குப் பெருமாயி எழுதுவது. கண்ணு, உன் ஜுரம் எப்படி இருக்கிறது?

நீ சுழி போட்டது பிழை இல்லை. சாமி யார் கை என்று பார்க்கிறவர் இல்லை. பிழை என்றால் எங்கள் இருவருடையதும்; பாதி எடுத்துக்கொள்.

இங்கே தைப் பொங்கல் வைக்கவில்லை. மிளகு பறிக்கிறோம். சாயங்காலம் என் கை பழக்கத்தில் மூன்று கிழங்கு புதைத்துவிடுகிறது. இரண்டாகக் குறைக்கலாம் என்று கூடையருகே போனால் மூன்றுதான் எடுத்து வருகிறேன். மூன்றாவதை இவர் எடுத்துப்போய் வெளியே பாறைமேல் வைக்கிறார். காலையில் அங்கே தோல்தான் கிடக்கிறது, கீரியோ மரநாயோ.

நேற்றுச் சாமை எடுக்கத் தொம்பையைத் திறந்தேன். மெழுகின வாயில் ஒரு மூலையில் சின்ன விரல் தோண்டி, திரும்ப அடைத்த தடம் இருந்தது. மரக்காலை உள்ளே விட்டபோது உருண்டையாக ஒன்று தட்டியது. அந்த ஆரஞ்சு. சாமைக்குள் இருந்ததால் அழுகவில்லை, வற்றியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் வந்து தொம்பையை மூடினார்.

அது அத்தாயிக்கு வைத்தது. எனக்கு வைத்துக்கொள்ள உரிமை இல்லை. மண்டியில் கொடுத்தனுப்புகிறேன். இந்த வாரம் யார் இறங்குகிறார்களோ அவர்கள் கையில். கூட எதுவும் எழுதி வைக்க எனக்குத் தைரியம் இல்லை. "பாப்பாயி உனக்கென்று தொம்பையில் வைத்தது" என்று மட்டும் சொல்லிக் கொடு. அதுவும் உண்மைதான்.

இவர் மாசி பிறந்ததும் வருகிறார். அதுவரை அவள் தாங்கவேண்டும்.

பெருமாயி

*

786     உ

ஆஸ்பத்திரி
8-2-1939

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும், ரஹ்மத் பீவி எழுதுவது. மேலே என் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற சுழியை நான் போடவில்லை. அத்தாயி தன் கையால் போட்டது. பேனா பிடிக்கத் தெரியாமல் இரண்டு காகிதம் கிழிந்து, இது மூன்றாவது. இனி வருவது முழுக்க அவள் சொல்வது; நான் சேர்க்கவும் இல்லை, விடவும் இல்லை.

அக்கா, நான் சுகமாக இருக்கிறேன். ரத்தம் நின்றுவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்கள்?

ஆமாம். இரண்டு பேரும்.

மார்கழிக் கடுதாசி வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். ரஹ்மத்தைத் திட்டாதே. பாவம், அவள் போட்ட சுழி அச்சில் அடித்த மாதிரி அழகாக இருந்தது. அதுதான் தப்பாகிவிட்டது. உன் சுழிக்கு வால் குதிக்கும் அக்கா. முறத்தின் மேல் வைத்து எழுதுகிறவள் நீ. இந்த வால் நேராக ஓடியது. நீ சுழி போடாமல் அனுப்பியிருக்கிறாய், இவள் போட்டிருக்கிறாள் என்று புரிந்தது. நீ எப்போது சுழி போடமாட்டாய் என்று எனக்குத் தெரியாதா?

அப்போதும் உறவில் வேறு யாருக்கோ என்று நினைக்கப் பார்த்தேன். ரஹ்மத் படித்ததை மனசில் திரும்ப ஓட்டினேன். மிளகுத் தண்ணீர், மொச்சை, வெயில், எல்லாம் இருந்தது. மூன்று பேரும் சுகம் என்பது மட்டும் இல்லை. பிறகு கிழங்கு வந்தது. மூன்று புதைத்தேன், பெரியதை மாமன் தின்றார், நடுத்தரத்தை நான் தின்றேன் என்று சொல்லி நிறுத்திவிட்டாய். பெருமாயி கணக்குச் சொல்லி ஒன்றை விட்டதை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கிளம்பி வந்துவிடலாம் என்றுதான் இருந்தது. அப்புறம் நினைத்தேன், நீ அந்தக் கடுதாசியை எப்படி எழுதியிருப்பாய் என்று. பிள்ளையைப் புதைத்த கையால் எனக்கு வெயில் வாசனை எழுதியிருக்கிறாய். நான் இங்கே ரத்தம் கக்கிச் செத்தால் அதெல்லாம் வீண். அதனால் முட்டை தின்றேன். முட்டை எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும்.

தெரிந்துவிட்டது என்று அப்போதே எழுதவில்லை. எழுதினால் நீ மாமனை அந்தப் பனியில் அன்றைக்கே கீழே அனுப்பியிருப்பாய்.

ஆரஞ்சு வந்தது. தோல் கட்டையாக இருந்தது. உரித்துப் பார்த்தேன். இரண்டு சுளையில் மட்டும் ஈரம் இருந்தது. ஒன்றை நான் தின்றேன், ஒன்றை ரஹ்மத்துக்குக் கொடுத்தேன். இப்போது கணக்கில் சேர்த்துக்கொள். ஏழும் சரியாகிவிட்டது.

பேரீச்சங்கொட்டையை மாமன் வரும்போது கொடுக்கிறேன். அவளை எங்கே வைத்தீர்களோ அங்கே கொண்டுபோய் வைக்கவேண்டும். நான் வந்து பார்க்கிறவரை அங்கே கல் எதுவும் நடவேண்டாம். கம்பளித் துண்டு அவளிடம் இருப்பது நல்லது. நீ எழுதிய அந்த வரியைத் தினம் ரஹ்மத்தைப் படிக்கச் சொல்கிறேன், காலையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறது என்பதை. அவளுக்குக் கால்தான் முதலில் சில்லிட்டுப்போகும்.

மாமன் எனக்கு என்ன சொல்லுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வரவேண்டாம். ஒன்றும் சொல்லவேண்டாம். ஏறும்போது அந்த ஓடையருகில் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவோம். ரஹ்மத் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள், எல்லாவற்றையும்.

ராவுத்தர் மகளை விட்டுவிட்டு வருவதுதான் இங்கே எனக்குப் பாரம். நீ அவளுக்கு எழுது. குளிருக்கு என்ன பண்ணுகிறோம், என்ன தின்கிறோம் என்று எழுது. யார் படித்துக் காட்டவும் வேண்டாம், அவளே படிப்பாள். சுழி போட்டு எழுது.

சாம்பலில் மூன்று கிழங்கே போடு அக்கா. மூன்றாவதைப் பாறைமேல் வைக்கவேண்டாம் என்று மாமனிடம் சொல். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, நான் வந்து தின்கிறேன்.

தங்கை
அத்தாயி